கேட்காமல் அச்சிட்ட முகம்: மிஷன் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தென் மாவட்ட மிஷன் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், பணித்தளச் செய்தி ஏடுகளின் ஆசிரியர்களுக்கும் ஸ்தோத்திரம்.

அடுத்த வருஷக் காலண்டர் வேலையைத் தொடங்கியிருப்பீர்கள். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். ஜார்க்கண்டின் ராஜ்மகல் மலையில், மால்தோ என்ற பழங்குடி மக்களிடையே பதினோரு வருஷம் செவிலியாக இருந்தவள் நான். போன மாதம் அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய காலண்டர் பக்கம் ஒன்று அவள் கையில் இருந்தது. "தீதி, என் படத்துக்குக் கீழே தமிழில் என்ன எழுதியிருக்கிறது? வாசித்துச் சொல்லுங்கள்" என்றாள். தீதி என்றால் அக்கா.

எனக்கு வாய் வரவில்லை. அந்தப் படத்தை எடுத்து அனுப்பியவளே நான்தான்.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. காலா அசார் என்ற கருங்காய்ச்சல். மணல் ஈ கடித்து வருவது. காய்ச்சல் வாரக்கணக்கில் விடாது, மண்ணீரல் வீங்கி வயிறு முன்னால் தள்ளும், உடம்பு கறுத்து எலும்பும் தோலுமாகிவிடும். அவளுடைய அம்மா, வயலில் நின்ற பர்பட்டிப் பயறை, அதாவது காராமணியை, மகாஜன் என்கிற வட்டிக்காரரிடம் முன்பணத்துக்குப் பேசிவிட்டு, பிள்ளையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு மலையிறங்கினார். நானும் கூட நடந்தேன். மூன்று மணி நேரம். வழியில் ஊற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சேலை முனையைத் தண்ணீரில் நனைத்துப் பிள்ளையின் உதட்டில் தடவினார். மறுபடியும் கட்டிக்கொண்டு எழுந்தார். கீழே ட்ரெக்கர் என்ற வாடகை ஜீப்புக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி, பிள்ளை பிழைத்தது. வாசலில் எடுத்த படத்தை மாத அறிக்கையோடு அனுப்பினேன். "காலா அசார், குணமடைந்து வருகிறாள்" என்றுதான் எழுதியிருந்தேன்.

காலண்டரில் வந்த வரிகள் இவை: பிசாசின் பிடியில் கிடந்த பிள்ளை. தாய் பேய்க்குப் பலியிட்டுக்கொண்டிருந்தாள். நம் ஊழியர்கள் மீட்டெடுத்தார்கள்.

அந்தத் தாய் அன்று யாருக்கும் எதையும் பலியிடவில்லை. ஒரு போகப் பயறைத்தான் இழந்தார். வருஷம் முழுக்க உங்கள் வீட்டுச் சுவரில் அவர் மகள் தொங்கிய விஷயம் அவருக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. என் பங்குக்கு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: ஒருவருடைய படத்தையும் கதையையும் அச்சிடும் முன், அதை அவர்கள் மொழியில் அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இது வெளியாரின் குற்றச்சாட்டு என்று தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். நானும் உங்கள் உண்டியலில் காசு போட்டு வளர்ந்தவள்தான். சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகையில் பணித்தளப் படங்களைப் பார்த்து அழுது, நானும் போவேன் என்று கையுயர்த்தியவள்.

நம் முன்னோருக்கு நடந்ததை நாமே மறக்கலாமா? 1849-இல் கால்டுவெல் ஐயர் நாடார் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பேய் வணங்கிகள், மந்த புத்திக்காரர்கள் என்ற தொனியில் போகும் நூல் அது. மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்த நம் ஆட்களே பின்னால் அதை வாசித்துக் கொதித்தார்கள். கடைசியில் அதைப் புழக்கத்திலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. இன்று மால்தோ பிள்ளைகளும் படிக்கிறார்கள். தமிழ் தெரியாவிட்டால் என்ன, போனில் படம் பிடித்தால் மொழிபெயர்ப்பு வந்துவிடுகிறது.

1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா, 1910-இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளின் முகத்துக்கு நேராகப் பேசினார். உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அந்தப் பேச்சை நம் மேடைகளில் எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறோம்! நண்பனுடைய பிள்ளையின் வீங்கிய வயிற்றை யாராவது காலண்டரில் போடுவார்களா?

இதில் ஆபத்தும் இருக்கிறது. ஜார்க்கண்டில் 2017-இல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. கட்டாயப்படுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றினால் 3 வருஷம் வரை சிறை. மாற்றப்பட்டவர் பழங்குடி என்றால் 4 வருஷம் வரை. அங்குள்ள விசுவாசிகள் யாரும் ஆசை காட்டி வந்தவர்கள் அல்லர். வீட்டுக்குள்ளேயே வருஷக்கணக்கில் பேசி, சண்டை போட்டு, யோசித்து வந்தவர்கள். நீங்களோ ஊர்ப் பெயரோடு ஞானஸ்நானப் படத்தைப் போட்டு, பக்கத்திலேயே "ஒரு கிராமத்தைத் தத்தெடுங்கள்" என்று காணிக்கை விவரத்தையும் அச்சிடுகிறீர்கள். பணம் கொடுத்து மாற்றினார்கள் என்று சொல்கிறவனுக்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்கப்போவது நீங்கள் அல்ல, அந்த ஊர்க்காரர்கள்.

இன்னொன்றும் மனதில் கிடந்து அரிக்கிறது. மால்தோ மொழி நம் தமிழுக்குச் சொந்தக்கார மொழி. நான் என்பதற்கு 'ஏன்', நீ என்பதற்கு 'நீன்'. கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்', அவரை விட்டுவிட்டால் 'ஏம்'. முதல் முறை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்படிப்பட்ட மக்களை நம் மொழியில் எழுதும்போது மட்டும் ஏன் 'அவர்கள்', 'இருளில் இருப்பவர்கள்'? மால்தோ பாட்டுகள் இருக்கும்போது நம் பாட்டின் மெட்டில் இந்தி வரிகளை ஏன் பழக்குகிறோம்? நான் இருந்த காலம் முழுவதும் எங்கள் நிர்வாகக் குழுவில் ஒரு மால்தோ ஆள் இல்லை. அந்த மலையைக் கல்குவாரிகள் வெட்டித் தின்கின்றன. வெடிச் சத்தத்தில் எங்கள் மருந்து அலமாரி நடுங்கும். அதைப் பற்றி நம் ஏட்டில் ஒரு வரி வந்ததில்லை. தனி மாநாடே போட்டுப் பேச வேண்டிய விஷயங்கள்.

சரி, கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். அலுவலகத்துக்கு ஆயிரம் நெருக்கடி, காணிக்கை குறைந்தால் பணித்தளமே நின்றுவிடும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் திரும்பவும் கேட்கிறேன்: அச்சுக்குப் போகும் முன் அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். அங்குள்ள சபைகளில் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு போன் போதும். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் நான் செய்து தருகிறேன், சம்பளம் வேண்டாம்.

அந்தப் பழைய படம் உங்கள் வலைத்தளத்தில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எடுத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அவள் வாரம் தவறாமல் கேட்கிறாள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் பழைய பணித்தளச் செவிலி