பல்லிக்கு, 34-வது கிலோமீட்டர்ல இருந்து

ஏய் பல்லி,

எப்படிடி இருக்க? அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு ஒல்லி சொன்னா, ரொம்ப நிம்மதி. சின்னவனுக்கு காய்ச்சல் விட்டுச்சா? இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். குசலம் இத்தோட போதும், சொல்ல வேண்டியது நிறைய கிடக்கு.

முதல்ல திட்ட வேண்டியத திட்டிடு. ஒரு வருஷமா உன் மெசேஜுக்கு ஒத்த வார்த்தைல பதில் போட்டிருக்கேன், போன் பண்ணினா எடுக்கல, "அவ பெரிய ஓட்டக்காரி ஆயிட்டா, நம்மள எல்லாம் கண்ணுக்குத் தெரியாது"ன்னு நீ ஒல்லிகிட்ட சொன்னதும் காதுக்கு வந்துச்சு (அவகிட்ட சொன்னது யார் காதுக்குத்தான் வராது). அப்பவும் நான் வாயத் தொறக்கல. ஆனா முந்தாநாள் நீ அனுப்பினியே ஒரு மெசேஜ், அதப் பாத்ததுல இருந்து எனக்கு தூக்கம் இல்ல. ஃபுல் மாரத்தானுக்கு பேர் குடுத்துட்டேன், நாலு மாசம் இருக்கு, முழங்காலுக்குக் கீழ முன்னெலும்புல ஒரு வலி வருது, ஓட ஓட சரியாயிடும், நீயும் இப்படித்தானே ஓடி முடிச்சன்னு எழுதியிருக்க.

இல்லடி. நான் முடிக்கல.

போன வருஷம் அந்த ரேஸ்ல 34-வது கிலோமீட்டர்ல நின்னுட்டேன். நீ "எப்படி போச்சு"ன்னு கேட்டப்போ, முந்தின நாள் பிப்ப, அதான் நெஞ்சுல குத்தற ரேஸ் நம்பர, மாட்டிகிட்டு எடுத்த போட்டோவ அனுப்பி ஒரு ஹார்ட் போட்டு விட்டேன். நான் முடிச்சுட்டேன்னு நெனச்சு நீ ஆடின ஆட்டத்தப் பாத்துட்டு திருத்தவே மனசு வரல, ஒரு நாள் ஆச்சு, ஒரு வாரம் ஆச்சு, அப்புறம் உன் பேரு போன்ல வந்தாலே கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. அந்த போட்டோவப் பாத்துதான் நீயும் ஷூ வாங்கினன்னு ஒல்லி சொன்னப்போ எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாரு.

என்ன ஆச்சுன்னு முழுசா சொல்றேன். மூணு ஹாஃப் மாரத்தான் ஓடி முடிச்சிருந்தேன்ல, இது அதோட ரெண்டு மடங்குதானேன்னு ஒரு நெனப்பு. ஆரம்பத்துல கால் காத்துல போற மாதிரி இருந்துச்சு, மூச்சே வாங்கல, வரிசையா எல்லாரையும் தாண்டித் தாண்டிப் போறப்போ வர்ற போதை இருக்கே, உனக்கும் இப்ப அது தெரியும். முதல் 10 கிலோமீட்டர் 1 மணி 2 நிமிஷம், என் ஹாஃப் வேகத்த விடவே அதிகம். கடைசில எப்படியும் மெதுவாயிடுவோம், அதனால இப்பவே கொஞ்சம் நேரத்த சேத்து வெச்சுக்கலாம்னு கணக்கு. 28-ல தொடை கனக்க ஆரம்பிச்சுது. 31-ல கைக்கடிகாரத்தப் பாத்து இன்னும் எவ்வளவு இருக்குன்னு யோசிக்கறேன், 42-ல 31 போனா எவ்வளவுன்னு தெரியலடி எனக்கு. இருபது வருஷமா பிள்ளைங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுக்கறவ நான், பிளாட்ஃபாரத்தப் பாத்துகிட்டே நிக்கறேன், பதில் வரல. 34-ல ரெண்டு கெண்டைக்காலும் கல்லா இறுகிப்போச்சு. ரோட்டோரம் உக்காந்தேன், அந்த வெயில்ல குளிருது, பல்லு தந்தியடிக்குது. ஒரு வாலண்டியர் பையன், நம்ம பெரியவன் வயசுதான் இருக்கும், "அம்மா, பஸ் வருது, ஏறிக்கறீங்களா"ன்னு கேட்டான்.

நடுவுல நின்னவங்கள ஏத்திகிட்டு வர்ற அந்த ஸ்வீப்பர் பஸ்ல பத்துப் பன்னெண்டு பேர் இருந்தோம். யாரும் யாரையும் பாக்கல. ஜன்னல் வழியா இன்னும் ஓடிகிட்டு இருக்கறவங்க தெரியறாங்க, எனக்குப் பின்னால வந்தவங்க, நான் தாண்டினவங்க, ஒவ்வொருத்தரா, மெதுவா, ஆனா போயிகிட்டே இருக்காங்க. முடிவுக்கோட்டுக்குப் பக்கத்துல பஸ் நின்னப்போ மைக்ல ஒவ்வொரு பேரா கூப்பிடறது கேட்டுச்சு. அந்த சத்தம் ரொம்ப நாளைக்கு போகல.

அன்னைக்கு மனசு விட்டுப்போச்சுன்னுதான் ரொம்ப நாள் நம்பிகிட்டு இருந்தேன், எனக்கு வைராக்கியம் பத்தலன்னு. அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். கணக்குதான்டி பல்லி, வெறும் கணக்கு. நம்ம தசைலயும் ஈரல்லயும் சேத்து வெச்சிருக்கற சர்க்கரை சுமார் 2,000 கலோரிக்கு வரும். ஒரு கிலோமீட்டர் ஓட, உடம்பு எடை கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி ஆகும். நான் 62 கிலோ, 42 கிலோமீட்டருக்கு 2,600 வேணும். மிச்சம் கொழுப்புல இருந்து வரணும், கொழுப்பு நம்ம எல்லார்கிட்டயும் தாராளமா இருக்கு, ஆனா அது மெதுவாத்தான் எரியும். வேகம் கூடக்கூட உடம்பு சர்க்கரையத்தான் கேக்கும். முதல் 10-ல நான் நேரத்த சேத்து வெச்சதா நெனச்சப்போ கடைசி 10-க்கு வெச்சிருந்தத எடுத்து எரிச்சுகிட்டு இருந்திருக்கேன். மூளைக்கும் அந்த சர்க்கரைதான் வேணும், அதான் கழித்தல் வரல. சுவர்ல முட்டறதுன்னு ஓடறவங்க சொல்றது இதத்தான்.

அதுக்கப்புறம் ஒரு வருஷம் நான் செஞ்சது ஒரே ஒரு காரியம், மெதுவா ஓடினேன். கேக்க சாதாரணமா இருக்கும், செஞ்சு பாரு தெரியும். வாரத்துல நாலு நாள், அதுல மூணு நாள் ஈஸி ரன், ஒரு நாள் லாங் ரன். ஈஸின்னா எவ்வளவு ஈஸின்னு எனக்கு ஒரு சோதனை இருக்கு: ஓடிகிட்டே 17-ஆம் வாய்ப்பாட்ட சத்தமா சொல்லணும், நடுவுல மூச்சுக்கு நிக்கக் கூடாது. நின்னா வேகத்தக் குறைக்கணும். முதல் ரெண்டு மாசம் வேகமா நடக்கறவங்க எல்லாம் என்னத் தாண்டிப் போனாங்க, அழுகையா வந்துச்சு. ஆனா அந்த மெதுவான ஓட்டத்துலதான் தசைக்குள்ள சின்னச் சின்ன ரத்தக்குழாய் கூடுது, கொழுப்ப எரிக்க உடம்பு பழகுது. ஆறாவது மாசம் அதே மூச்சுக்கு ஒரு கிலோமீட்டர் நாப்பது செகண்ட் வேகமா வந்துச்சு, நான் ஒண்ணும் முயற்சி பண்ணாமலே. லாங் ரன் அதிகபட்சம் 32 கிலோமீட்டர், அதுக்கு மேல போகல. 40 நிமிஷத்துக்கு ஒரு சர்க்கரை ஜெல், அதையும் ரேஸ் அன்னைக்கு புதுசா எடுக்காம லாங் ரன்லயே பழகினேன், முதல் ரெண்டு தடவை வயிறு கலக்கிடுச்சு, மூணாவது தடவைல இருந்து ஒத்துகிச்சு. தண்ணி தாகத்துக்குத்தான், பயந்து பயந்து குடம் குடமா குடிக்கறதும் ஆபத்து, ரத்தத்துல சோடியம் நீர்த்துப் போயிடும். கடைசி மூணு வாரம் தூரத்தக் குறைச்சு டேப்பர். அந்த மூணு வாரம் வீட்டுல என்ன யாராலயும் தாங்க முடியல.

ரெண்டு வாரம் முன்னால அதே ரேஸ், அதே ரூட். கூட்டத்துக்குப் பின்னாடி போயி நின்னேன். முதல் 5 கிலோமீட்டர் எல்லாரும் தாண்டறாங்க, குறிச்ச நேரத்துல முடிக்க வேகம் காட்டி ஓடற பேஸரோட கொடி கண்ணுக்கே தெரியாமப் போயிடுச்சு, நான் பாட்டுக்கு பதினேழு, முப்பத்துநாலு, ஐம்பத்தொண்ணுன்னு சொல்லிகிட்டே போறேன். ஒரு வருஷமா ராத்திரில நெனச்சு நெனச்சு பயந்த அந்த 34 இருக்கே, அந்த போர்ட நான் பாக்கவே இல்லடி. பக்கத்துல ஓடின ஒரு அக்காவுக்கு ஜெல் கவரப் பிரிக்க வரல, அதப் பல்லால கடிச்சுப் பிரிச்சுக் குடுத்துட்டு நிமிந்து பாத்தா 35. அந்த ரோட்டோரம் எப்ப போச்சுன்னே தெரியல. வலி இல்லாம இல்ல, 39-ல இருந்து ஒவ்வொரு அடியும் எண்ணித்தான் வெச்சேன். ஆனா கழித்தல் வந்துச்சு. 42-ல 39 போனா மூணு. 5 மணி 11 நிமிஷம் 36 செகண்ட். ரெண்டாவது பாதி முதல் பாதிய விட ஒரு நிமிஷம் சொச்சம் குறைவு. மெடல மாட்டினப்போ அழல, உக்கார ஒரு நாற்காலி இருக்கான்னுதான் கேட்டேன். அடுத்த ரெண்டு நாள் மாடிப்படிய பின்பக்கமா திரும்பித்தான் இறங்கினேன், தொடை அப்படி. இன்னும் ரெண்டு கால் நகம் கறுப்பாதான் இருக்கு.

வந்த அன்னைக்கே உனக்கு சொல்லணும்னு போன எடுத்தேன். முடிச்சத சொன்னா முடிக்காததையும் சொல்லணும். வெச்சுட்டேன். அதுக்கும் மன்னிச்சுக்கோ.

இப்ப உன் விஷயம். உன் கொழுந்தனார் கேலி பண்றாரு, அதுக்காகவே முடிச்சுக் காட்டணும்னு எழுதியிருக்க பாரு, அதுதான் எனக்கு வயித்தக் கலக்குது. பி.டி. மேடம் உன் ஓட்டத்த "கொக்கு ஓட்டம்"னு சொன்னதுக்கு நீ அன்னைக்கு மைதானத்த எத்தன சுத்து சுத்தின, சாயங்காலம் யாரு தூக்கிட்டு வந்தா, ஞாபகம் இருக்கா? அதே பிடிவாதம். 1967-ல பாஸ்டன் மாரத்தான்ல கேத்ரின் ஸ்விட்சர் ஓடினப்போ ஒரு அதிகாரி நடுரோட்டுல ஓடி வந்து அவங்க 261 நம்பர் பிப்ப பிடுங்கப் பாத்தாரு, பெண்கள அங்க அதிகாரபூர்வமா சேக்க 1972 ஆச்சு. அவங்க முடிச்சுக் காட்டினாங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. அதுக்கு முன்னால பயிற்சிலயே 50 கிலோமீட்டர் ஓடிப் பாத்துட்டுதான் அவங்க கிளம்பினாங்கங்கறத யாரும் சொல்றதில்ல.

இன்னொண்ணும் சொல்றேன். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ், ஒலிம்பிக்ல பெண்களுக்கு முதல் மாரத்தான். ஸ்விட்சர்லாந்துக்காக ஓடின கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் ஸ்டேடியத்துக்குள்ள வர்றப்போ உடம்பே கோணிப்போச்சு, ஒரு கை தொங்குது, கடைசி சுத்துக்கு மட்டும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. வீடியோவப் பாத்தா நெஞ்சு பதறும், ஏன் நிறுத்தாம விட்டாங்கன்னு தோணும். கூடவே நடந்த டாக்டருங்க அவங்களுக்கு இன்னும் வேர்க்குதான்னு பாத்தாங்க. வேர்த்துச்சு. உடம்பு சூட்ட இன்னும் தள்ளிகிட்டுதான் இருக்குன்னு அர்த்தம், அதனால விட்டாங்க. 37-ஆவதா முடிச்சாங்க, கொஞ்ச நேரத்துலயே தெளிஞ்சுட்டாங்க. வேர்க்காம இருந்திருந்தா கோட்டுக்கு நாலு அடி முன்னால இருந்தாலும் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. அங்க அவங்க தைரியத்த யாரும் அளக்கல, தோலத்தான் பாத்தாங்க.

அதனால நீயும் பாரு. இத இப்பவே செய். அந்த முன்னெலும்ப ஒரே விரலால மேல இருந்து கீழ வரைக்கும் அமுக்கிகிட்டே வா. நீளத்துக்கு பரவலா வலிச்சா, ஓட ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல குறைஞ்சா, அது எலும்ப ஒட்டின தசை நோவா இருக்கலாம், ஓய்வும் குறைஞ்ச தூரமும் போதும். ஆனா ஒரே ஒரு இடத்துல, ஒரு காசு அளவுல, சுருக்குனு உயிர் போற மாதிரி வலிச்சா, ஓட ஓட கூடினா, ராத்திரி படுத்தாலும் வலிச்சா, அது எலும்புல விழுந்த கீறலா இருக்கலாம். அதோட ஒரு அடி கூட ஓடாத. டாக்டர்கிட்ட போ. எக்ஸ்ரேல ஆரம்பத்துல தெரியாமலும் போகும், எம்.ஆர்.ஐ. வேணுமான்னு நீயே கேளு. மூச்சும் இதயமும் சில வாரத்துல பழகிடும், எலும்பு பழக மாசக்கணக்காகும். உன் மூச்சு நல்லா இருக்கறதுதான் உன்ன ஏமாத்துது.

பேர் குடுத்த ரேஸ அடுத்த வருஷத்துக்கு மாத்த முடியுமான்னு கேளு. முடியலன்னா பணம் போகட்டும், பாதிய நான் தரேன். உன் கொழுந்தனார்கிட்ட என் 34-வது கிலோமீட்டர் கதைய சொல்லு, பேர் சொல்லியே சொல்லு, எனக்கு ஒண்ணும் இல்ல.

கடிதத்த மடிச்சு வெச்சுட்டு முதல்ல அந்த எலும்ப அமுக்கிப் பாரு. ஒரே இடமா, பரவலா, அது மட்டும் இன்னைக்கு ராத்திரிக்குள்ள போன்ல சொல்லு. இந்த தடவை முதல் ரிங்லயே எடுப்பேன்.

உன்
நெட்டச்சி