ஜூருக் கெலாமாவின் செவிக்கல்

பினாங்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து நிம்மதியடைந்தேன். பினாங்கின் ஜூரு ஆற்று முகத்துவாரத்துக் கெலாமா மீனும் கெடாவின் மெர்போக் ஆற்று முகத்துவாரத்துக் கெலாமா மீனும் பாசாரில் (சந்தையில்) ஒரே கூடையில் கிடந்தால் பிரித்தறிய முடியுமா என்று கேட்டிருந்தாய். கண்ணால் முடியாது. தலைக்குள் இருக்கும் கல்லை ஆராய்ந்தால் பெரும்பாலும் முடியும்.

சிறுவயதில் உங்கள் வீட்டுக் குழம்பில் கெலாமாத் தலையைக் கடிக்கும்போது பல்லில் இடறிய வெள்ளைக் கற்களைக் கழுவித் தீப்பெட்டியில் சேர்த்தோமே, அவைதாம். காது எலும்பு என்று சொன்னாலும் அது எலும்பன்று. சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் படிந்து உருவாகும் செவிக்கல். மீனுக்கு அதில் மூன்று இணைகள் உண்டு. எலும்பு வாழ்நாள் முழுவதும் கரைந்தும் கூடியும் மாறும். செவிக்கல்லில் படிந்தது பொதுவாக மீண்டும் கரைவதில்லை. நாளுக்கொரு மெல்லிய வளையம் அதில் சேர்வதை 1971-இல் ஜார்ஜியோ பன்னெல்லா எடுத்துக்காட்டினார். ஆகவே கல்லைத் தேய்த்து மெல்லிய தகடாக்கி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், அதன் மையம் மீன் பிறந்த காலத்தையும் விளிம்பு அது பிடிபட்ட காலத்தையும் காட்டும்.

நீரில் கரைந்துள்ள, கால்சியத்தை ஒத்த உலோகங்களான ஸ்ட்ரோன்சியமும் பேரியமும் அந்த அடுக்குகளில் கால்சியத்தின் இடத்தில் மிகச் சிறிதளவு புகுந்துகொள்கின்றன. கடல்நீரில் ஸ்ட்ரோன்சியம் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் உண்டு, ஆற்றுநீரில் பொதுவாக மிகக் குறைவு. பேரியமோ ஆற்றுநீரில்தான் கூடுதல். கழிவு அழுகி அடிநீரில் ஆக்சிஜன் தீரும்போது, சேற்றோடு கட்டுண்டிருந்த மாங்கனீசு கரைந்து வெளிவரும். அதன் தடமும் கல்லில் பதியக்கூடும். லேசர் கற்றையால் மையத்திலிருந்து விளிம்புவரை சுரண்டி அளந்தால், எந்த வயதில் எந்த நீரில் இருந்தது என்பது ஒருவாறு தெரியவரும்.

ஆனால் இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். துத்தநாகம், செம்பு போன்றவற்றை மீனின் உடலே பெரிதும் கட்டுப்படுத்துகிறது. நீரில் இருக்கும் அளவுக்கேற்ப அவை கல்லில் ஏறுவதில்லை. கல்லில் உலோகம் குறைவு என்பதற்காக ஆறு தூய்மையானது என்று சொல்லிவிட முடியாது. ஆற்றின் நீர் ஆண்டுக்காண்டு மாறுவதால், ஒரே ஆண்டில் பிறந்த மீன்களைத்தான் ஒப்பிட வேண்டும். கற்கள் வேறுபட்டால் அவை வெவ்வேறு நீரில் வளர்ந்தவை என்றே பொருள். மரபு வேறு என்பதை மரபணுதான் சொல்லும். இருந்தும் எனக்கு இந்தச் செய்தியே போதும். இரண்டு கூட்டங்களும் கலவாமல் வாழ்கின்றன என்று தெரிந்தால், ஜூருவில் மீன் குறைந்ததும் வேறிடத்து மீன் வந்து நிரப்பும் என்று நம்பிச் சும்மா இருக்க முடியாது. ஜூரு ஆற்றருகே உள்ள பிறைத் தொழிற்பேட்டையைத் தாண்டும்போதெல்லாம் இதுவே என் மனத்தில் ஓடுகிறது.

சென்ற மாதம் ஒரு தவறு செய்துவிட்டேன். பன்னிரண்டு தலைகளை இரும்புக் கத்தியால் பிளந்து, உலோக இடுக்கியால் கற்களை எடுத்தேன். உலோகம் ஒட்டியிருக்குமோ என்ற ஐயத்தால் அத்தனையையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. வடிவத்தை அளக்க மட்டும் வைத்திருக்கிறேன். இப்போது பீங்கான் கத்தியும் பிளாஸ்டிக் இடுக்கியும் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய சிறு புட்டிகளும் பயன்படுத்துகிறேன்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் போகும்போது, மீனவரிடமே நேராக ஆறு கெலாமா வாங்கு. தலையை வெட்டாமல் முழு மீனாக ஐஸில் வைத்து, பிடித்த இடமும் நாளும் எழுதிய சீட்டுடன் அனுப்பு. இடம் தெரியாத மீன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்