சர்க்கரை பார்க்கும்போது சிறுநீரையும் பாருங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். இருபது வருடமாகத் தனியார் லேப் ஒன்றில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள். அவர்களுக்காக ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். உங்கள் பதிவேட்டில் இருக்கும் சர்க்கரை நோயாளிகள் எல்லோருக்கும், வருடத்துக்கு ஒரு தடவை, சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஆல்புமின் ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம், கிரியேட்டினின் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு; சிறுநீரகம் பழுதாகத் தொடங்குவதை இந்த விகிதம் காட்டிக்கொடுக்கும்.

போன வருடம் ஓர் அம்மா வந்தார். ஐம்பத்து நான்கு வயது. செருப்பைக் கழற்றியபோது, வார் அழுத்திய இடம் காலில் பள்ளமாக அப்படியே நின்றது. பன்னிரண்டு வருட ரிப்போர்ட்டுகளை மஞ்சப்பையில் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். சாப்பிடும் முன், சாப்பிட்ட பின், மூன்று மாத சராசரி எல்லாம் இருந்தன. சிறுநீர் ஆல்புமின் மட்டும் ஒரு தாளில்கூட இல்லை. அன்றைக்கு அவருடைய ரத்தக் கிரியேட்டினின் 4.1, அதாவது சிறுநீரகம் ஏற்கெனவே பெரிதும் பழுதாகியிருந்தது. "மாத்திரைய ஒருநாள்கூட விட்டதில்லையே தம்பி" என்றார். என்ன பதில் சொல்வது?

அந்த மூன்று மாத சராசரி எதை அளக்கிறது என்று யோசித்தாலே நான் சொல்ல வருவது புரியும். தோசை கல்லில் முறுகிச் சிவப்பதில், மாவின் சர்க்கரையும் புரதமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்குப் பெரிய பங்கு உண்டு. பிரெஞ்சுக்காரர் மையார் 1912-ல் விவரித்த வினை அது. அதே ஒட்டல் உடம்புச் சூட்டில், மெதுவாக, ரத்தத்திலும் நடக்கிறது. ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையைத்தான் எச்பிஏ1சி என்று அளக்கிறோம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது போனால் ஒட்டியதும் போய்விடும். சிறுநீரக வடிகட்டியின் சவ்வில் உள்ள கொலாஜன் என்ற புரத இழை அப்படி இல்லை. வருடக்கணக்கில் அங்கேயே கிடந்து, ஒட்டிய சர்க்கரை இறுகி, இழைகளைப் பிணைத்துவிடுகிறது. இன்றைக்கு எச்பிஏ1சி நன்றாக வந்தாலும் பழைய சேதம் உள்ளே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் உடம்பின் பெரும்பாலான செல்கள் உள்ளே விடும் அளவைக் குறைத்துக்கொள்ளும். விழித்திரையின் நுண்குழாய்கள், சிறுநீரக வடிகட்டி, நரம்பு ஆகியவற்றின் செல்களுக்கு அந்தத் தடுப்பு சரியாகக் கிடையாது. உள்ளே குவியும் சர்க்கரையால், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் கழிவுகள் பெருகி, அங்கிருந்து பல வழிகளில் சேதம் கிளம்புகிறது என்று சர்க்கரை நோய் ஆய்வாளர் மைக்கேல் பிரவுன்லீ 2001-ல் விளக்கினார். வடிகட்டியைத் தாங்கிப் பிடிக்கும் போடோசைட் செல்கள் உதிர்ந்துவிட்டால் மறுபடி முளைப்பது அரிது. அப்போது ஆல்புமின் கசிய ஆரம்பிக்கும்.

அந்தக் கசிவைத் தொடக்கத்திலேயே பிடிக்க வேண்டும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமினைத் தாண்டினால் எச்சரிக்கை. சிறுநீரில் முக்குகிற சாதாரணப் பட்டை, மஞ்சளிலிருந்து பச்சைக்குத் தெளிவாக மாறுவது பெரும்பாலும் 300-ஐ ஒட்டிய பிறகுதான். ரத்தக் கிரியேட்டினினோ, சிறுநீரகத்தின் வேலையில் கிட்டத்தட்ட பாதி போகும்வரை சிலருக்கு நார்மல் என்றே காட்டும். 30-க்கும் 300-க்கும் நடுவில் இருக்கும் வருடங்களைத்தான் நாம் கோட்டை விடுகிறோம். (ஆல்புமின் கசியாமலே சிறுநீரகம் பழுதாகிறவர்களும் உண்டு. அதனால் ரத்தக் கிரியேட்டினினையும், அதிலிருந்து கணக்கிடும் வடிகட்டும் வேகமான இ-ஜிஎஃப்ஆரையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.)

2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. எங்கள் தெருவில் அதை வாங்கிச் சாப்பிடுகிற பெரியவர்களைத் தினமும் பார்க்கிறேன், மனதார நன்றி. அதோடு இந்த ஒரு டெஸ்ட்டையும் சேர்த்துவிடுங்கள். காலையில் ஒரு சின்ன டப்பா சிறுநீர் போதும், ஊசிகூட வேண்டாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி இருந்தால் எண் கூடிக் காட்டும். ஆகவே அதிகமாக வந்தவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். இதையும் செவிலியர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆராய்ச்சியில் இருக்கும் புதுப்புது குறியீடுகளை நான் கேட்கவில்லை, அவை வரும்போது வரட்டும்.

கண்டுபிடித்து என்ன செய்வது என்று கேட்டால், மருந்து இருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரையான லோசார்டன் சிறுநீரகத்தைக் காக்கும் என்பது 2001-லேயே தெரிந்துவிட்டது. 2020-ல் வந்த, டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை பற்றிய ஆய்வில், 4,304 பேரிடம், சிறுநீரகம் கடுமையாகப் பழுதாவது, செயலிழப்பது, சிறுநீரகத்தாலோ இதயத்தாலோ இறப்பது ஆகியவற்றின் அபாயம் 39 சதவீதம் குறைந்தது. அதே வருடம் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து விலையும் இறங்கியது. தேவைப்படுகிறவர்களுக்கு மருத்துவர் எழுதினால், அது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும்.

அந்த அம்மா இப்போது வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் போகிறார். அவருடைய மகளுக்கு 31 வயது, சர்க்கரை வந்து மூன்று வருடம் ஆகிறது. நானே ஒரு டப்பாவில் பெயர் எழுதிக் கொடுத்தேன். 46 என்று வந்தது. நாலு மாதம் கழித்துப் பார்த்தபோது 52. அன்றைக்கே ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் அனுப்பினேன், மாத்திரை ஆரம்பித்துவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்