முட்டத்துப் பாட்டாவுக்கு

முட்டத்து மக்களுக்கு,

என் மகன் நேற்று பள்ளிக்கூடம் போனான். அதனால்தான் இன்று எழுதக் கை வருகிறது. உங்கள் கரையில் கடல் அவனை இழுத்துப் போன அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. வள்ளத்திலிருந்து குதித்த தம்பிகள் இருவர், துவர்த்துத் துண்டால் அவனைப் போர்த்திய அக்கா, 108 வண்டி ஊழியர்கள், கண் மூடாத செவிலியர்கள், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பெயர் சொல்ல மறுத்த பாட்டா ஒருவரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

நான்காம் நாள், விட்டுவந்த செருப்பை எடுக்கப் போனோம். பையன் தண்ணீரைப் பார்க்க மறுத்து என் முதுகுக்குப் பின்னால் நின்றான். வலை தைத்துக்கொண்டிருந்த பாட்டா எழுந்து வந்தார். வசவு வாங்கத் தயாரானேன். அவரோ தேங்காயின் மேல்மட்டையான கதம்பை ஒன்றை எடுத்து, இரு பாறைகளுக்கு நடுவே அலை உடையாமல் சாதுவாகக் கிடந்த இடத்தில் எறிந்தார். யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் அது நேரே கடலுக்குள் போனது.

"மக்களே, உன் மேல் தப்பில்லை. உள்ளே ஏறின தண்ணீரெல்லாம் இந்த வழியாகத்தான் திரும்பும்" என்றார். அலை உடைகிற வரிசையைத் தாண்டியதும் கதம்பையின் வேகம் குறைந்தது. பக்கவாட்டில் நகர்ந்து, வெகுநேரம் கழித்து அடுத்த பாறையருகே கரை ஒதுங்கியது. "பார்த்தாயா, அது எதிர்த்து மல்லுக்கட்டவில்லை."

அன்று இரவுதான் பிள்ளை தூங்கினான்.

குற்றம் என்னுடையது. தெற்கே எங்கோ புயலில் எழும் அலை, நாட்கணக்கில் ஓடிவந்து, காற்றே இல்லாத நாளில் கரையில் ஏறும், அதுதான் கள்ளக்கடல். 2024 மே மாதம் இதே குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் கடலில் மூழ்கி இறந்த செய்தியைப் படித்தவன்தான் நான். எச்சரிக்கை உண்டா என்று பார்க்கத் தோன்றவில்லை.

கிளம்பும்போது பாட்டா இன்னொன்றும் சொன்னார். மழைக்குப் பிறகு ஓடைத் தண்ணீர் கலங்கலாக இறங்கினால், இரண்டு மூன்று நாள் பேரப்பிள்ளைகளை அங்கே குளிக்க விடமாட்டாராம். குளிக்கும் கடல்நீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக் கோலிஃபார்ம், அதாவது மலத்திலிருந்து கலக்கும் பாக்டீரியா, 100க்கு மேல் போகக்கூடாது என்பது அரசு அளவு. அந்த நீரைச் சோதிக்கக் கேட்டு மனு எழுதிவிட்டேன். கரையில் எச்சரிக்கைப் பலகை வைக்க அனுமதி கிடைத்தால் செலவு என்னுடையது.

கதம்பை எங்கள் வீட்டு மதில்மேல் காய்கிறது. எறும்பு ஏறுகிறது என்கிறாள் அவன் அம்மா. யாரும் தொடக்கூடாது என்கிறான் மகன்.