சந்தேகத்துக்கு ஒரு முகவரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

காட்சித் தொடர்பியல் மாணவர்கள் எடுத்த மர்மக் குறும்படம் ஒன்றை அண்மையில் சென்னையில் பார்த்தேன். ஒளிப்பதிவு நேர்த்தி. ஆனால், விடுதிக் கொலையில் முதலில் சந்தேகிக்கப்படுபவனைக் கண்ணகி நகர்க்காரனாக்கி, கையில் பச்சை, வாயில் கெட்ட வார்த்தை என்று முடித்துவிட்டு, உண்மைக் கொலையாளியான பணக்கார மாணவனுக்கு மட்டும் தாயை இழந்த இளமைப் பருவத்தை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். சந்தேகம் பொய்யென்று முடிவில் தெரிந்தாலும், அதுவரை நம்மை நம்பவைத்தது அந்த முகவரிதானே! 2000 முதல், நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட பகுதி அது. 2025 ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியின் கார்த்திகா அங்கிருந்து வந்தவர். சந்தேகிக்கப்பட்ட கண்ணகி நகர் மாணவனுக்கும் ஒரு வீடு, தங்கை, அரியர் கவலை என இரண்டு காட்சிகள் தந்திருந்தால், யாரைச் சந்தேகிப்பதென்று தெரியாமல் மர்மம் கூடியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வேளச்சேரி, சென்னை