தம்பியைப் பற்றி உன்னிடம் சொல்லாதது

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை என்று படித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "மல்லிகா பாட்டியாயிட்டாளா!" என்று இரண்டு தடவை கேட்டுச் சிரித்தாள். உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயம் முன்னால் வந்து நிற்கிறது. அதைச் சொல்லாமல் வேறு எதுவும் எழுத வரவில்லை.

தம்பி மாரடைப்பில் போகவில்லை மல்லிகா. தற்கொலை.

காரியத்துக்கு நீ மதுரையிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்தாய். கொல்லையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலி தெரியாமப் போயிட்டான்டி, அதையாவது நெனச்சு மனசைத் தேத்திக்கோ" என்றாய். நான் தலையாட்டினேன். இரண்டு வருஷமாக அந்தத் தலையாட்டல் உறுத்துகிறது. "யார் கேட்டாலும் நெஞ்சுவலின்னு சொல்லுங்க" என்று பெரியப்பா அன்று காலையிலேயே சொல்லிவிட்டார். போலீஸ் வழக்குப் பதிந்து, பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. துர்மரணம், உள்ளே கொண்டுவரக் கூடாது என்று வாசலோடு எடுத்துப் போனார்கள். தெருவே பார்த்தது. நாங்கள் நெஞ்சுவலி என்றோம், அவர்களும் நெஞ்சுவலி என்றே கேட்டுக்கொண்டார்கள்.

போன புரட்டாசியில் ஒரு ராத்திரி, தூக்கம் வராமல் 14416-க்குப் போன் செய்தேன். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல எண், டெலி மானஸ் என்று பெயர். காசு கிடையாது, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். சாக நினைப்பவர்களுக்குத்தான் அது என்று எண்ணியிருந்தேன். எடுத்த பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்களுக்கும் அந்த எண்ணம் வருதாம்மா?" என்று நேராகவே கேட்டாள். அதுவரை ஒருத்தரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. சில நாள் வருகிறது என்று ஒளிக்காமல் சொன்னேன். சொன்னதுமே கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னாள், பார்த்தேன். இப்போது தூங்குகிறேன், நீ பதறாதே.

அதற்கப்புறம்தான், என் கூட வேலை பார்த்த ஒருத்தி புதுச்சேரிக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். வீட்டில் இப்படி ஒருவரை இழந்தவர்கள் மாதம் ஒரு ஞாயிறு முத்தியால்பேட்டையில் ஒரு மாடியில் கூடுகிறார்கள். முதல் மாதம் பஸ்ஸில் கன்னியக்கோவில் தாண்டும் வரை தெரிந்தவர் யாராவது ஏறிவிடுவார்களோ என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன். மறு மாதம்தான் படியேறினேன்.

ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பிளாஸ்க்கில் டீ. நடத்தும் அம்மாவும் மகனைப் பறிகொடுத்தவர். இங்கே பேசுவது வெளியே போகக் கூடாது, பேசப் பிடிக்காவிட்டால் சும்மா இருக்கலாம், யாரும் யாருக்கும் புத்தி சொல்ல வேண்டாம், அவ்வளவுதான் சொன்னார். இதுவரை விஷயம் தெரிந்த அத்தனை பேரும் என்னிடம் முதலில் கேட்டது "எப்படி?", அடுத்தது "எதுக்கு?". அங்கே அந்த இரண்டையும் ஒருத்தரும் கேட்கவில்லை. "தம்பி பேர் என்னம்மா?" என்று கேட்டார்கள். பேரைச் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

மீன் விஷயத்தை அங்கேதான் முதன்முதலாகச் சொன்னேன். தம்பி போன அன்று மத்தியானம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன், கையெல்லாம் செதில். மேடையில் போன் அடித்தது, தம்பி. கழுவிவிட்டுக் கூப்பிடலாம் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் மீன் வாங்குவதில்லை, ஏன் என்று அம்மாவுக்குத் தெரியாது. சொல்லி முடித்ததும் பக்கத்திலிருந்த பெரியவர், "உன்னையாவது கூப்பிட்டானேம்மா. என் பொண்ணு என்னைக் கூப்பிடவே இல்லியே" என்றார். எதிரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கணவன் கூப்பிட்டபோது எடுத்தாளாம். ரேஷன் கார்டைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசிவிட்டு வைத்தாளாம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான் அந்தப் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை.

கூட்டத்துக்கு வந்த ஒருவர் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் வருஷத் தற்கொலைக் கணக்கைச் சொன்னார். நாட்டில் லட்சம் பேருக்கு 12.4, புதுச்சேரியில் 29.7. நம் குடும்பத்துக்கு மட்டும் வந்த சாபம் என்று அம்மா இன்னும் நினைக்கிறாள். எனக்கோ, ஒன்பது நாற்காலி எப்படிப் போதும் என்றிருந்தது.

இன்னொன்று, இதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. தம்பி மனைவியை நாங்கள் எல்லோரும் குற்றம் சொன்னோம், நானும்தான். "அவ என்ன பேசினாளோ" என்று அவள் காதுபடவே சொன்னேன். கூட்டத்தில் ஒரு சின்னப் பெண், மாமியார் வீட்டில் இதே வார்த்தையைக் கேட்டதைச் சொல்லி அழுதாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போன வாரம் நெல்லிக்குப்பம் போய்த் தம்பி மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். உடனே ஒன்றும் சொல்லவில்லை, காபி போட்டுக் கொடுத்தாள். அடுத்த மாதம் என்னோடு வருகிறாயா என்றதற்கு, "பாக்கலாம் அண்ணி" என்றாள். வராவிட்டாலும் சரி, நான் அவளைப் பார்க்கப் போய்க்கொண்டிருப்பேன். பையனுக்குப் பதினொரு வயது. நெஞ்சுவலி இல்லை என்று அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, நாங்கள் அழுவோமே என்று கேட்காமல் இருந்திருக்கிறான். கேட்டதற்கு மட்டும், மறைக்காமல், அவன் வயசுக்குத் தகுந்தபடி சொன்னோம். "எம்மேல கோவமா அத்தை, அப்பாவுக்கு?" என்றான். இல்லவே இல்லை, நீ எதுவும் செய்யவில்லை, அப்பாவுக்கு மனசுக்கு ரொம்ப முடியாமல் போயிருந்தது என்று சொல்லிக் கட்டிக்கொண்டேன். அதை அவனிடம் இன்னும் பல தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

உன்னிடம் மறைத்ததற்கு மன்னித்துவிடு. பதில் எழுதும்போது ஒரு உதவி செய். நாம் புதுச்சேரி விடுதியில் இருந்தபோது, பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் வந்து நிற்பானே, காவலாளிக்கும் நாலு சுளை கொடுத்துத்தான் உள்ளே அனுப்புவான். அந்த மாதிரி உனக்கு ஞாபகம் இருப்பதையெல்லாம் எழுது, எவ்வளவு சின்னதாக இருந்தாலும். பையன் ஒரு நோட்டு போட்டிருக்கிறான். உன் எழுத்திலேயே அதில் ஒட்டிக்கொள்வானாம்.

குழந்தைக்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள்?

உன்,
விஜி