முதல் உறவுக்குப் பின் எழும் அச்சங்களும் கேட்க இடமின்மையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருமணமான முதற் கிழமைகளில் இளம் தம்பதியருக்கு உடல் குறித்து எழும் அச்சங்களைப் பற்றித் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சில விடயங்களை எழுத விரும்புகிறேன். திருகோணமலை மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாகச் சென்ற காலத்தில், வயிற்றுப் பிள்ளையைப் பற்றி என்னிடம் தயங்காமல் கேட்ட பெண்கள், தாம்பத்திய உறவைப் பற்றி வாய் திறந்ததே அரிது. திறந்தாலும், வீட்டார் இல்லாத வேளை பார்த்து, யாரோ ஒரு சிநேகிதியின் பிரச்சினை போலத்தான் கேட்பார்கள்.

அவற்றுள் மிகுந்த துயரம் தருவது, முதல் உறவின்போது இரத்தம் வரவில்லையே என்ற அச்சம். கன்னித்திரை யோனியின் வாயிலை முழுதாக மூடி நிற்பதில்லை. வாயிலின் ஓரத்தைச் சுற்றி அமைந்த, இழுபடக்கூடிய மெல்லிய மடிப்பு அது. உறவுக்கு முன்பே மாதந்தோறும் மாதவிடாய் இரத்தம் அவ்வழியாகத்தான் வெளியேறுகிறது. அதன் வடிவமும் தடிப்பும் பெண்ணுக்குப் பெண் வேறுபடுவதால், சிலருக்கு முதல் உறவில் சில துளி இரத்தம் கசியும். பலருக்கு அது விரிந்து கொடுப்பதால் எதுவுமே வராது. ஒரு பெண் முன்னர் உறவு கொண்டாளா இல்லையா என்பதை உடலைப் பார்த்து எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு விஞ்ஞான அடிப்படை இல்லை என்றும் அது கைவிடப்பட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் மனித உரிமைகள் அலுவலகமும் பெண்கள் அமைப்பும் 2018 ஒக்டோபரில் கூட்டாக அறிவித்தன. அப்படியிருந்தும் மறுநாட் காலையில் படுக்கை விரிப்பைப் பார்க்கும் பழக்கம் நம் நாட்டில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அதை வெட்கக்கேடான கொடுமை என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். சந்தேகப்படும் கணவன்மாரும் மாமியார்மாரும் இவ்வரிகளைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

இதற்கு எதிர்மாறாக, இரத்தம் நிற்காமல் போவதை இயல்பென்று எண்ணிப் பொறுத்திருப்போரும் உண்டு. சிறிய கசிவு ஓரிரு நாளில் நின்றுவிடும். ஒரு மணித்தியாலத்திற்குள் ஒரு மாதவிடாய் அணையாடை (பாட்) நனையுமளவுக்கு இரத்தம் போனால் அது உட்காயமாக இருக்கலாம். வெருகலிலோ குச்சவெளியிலோ இருப்பவர்கள் விடியும்வரை காத்திராமல் 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழைக்க வேண்டும். வைத்தியசாலையில் காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, விழுந்துவிட்டதாகக் கூறினால் சிகிச்சைதான் தாமதிக்கும்.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பயத்தாலும் அவசரத்தாலும் உடல் ஆயத்தமாகாமல் வறண்டிருப்பதாலுமே வலிக்கிறது. பல நாள் திருமணச் சடங்குகளில் களைத்துப்போன இருவர் அன்றிரவே உறவு கொண்டாக வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் கட்டாயப்படுத்தவில்லை. மனைவி வேண்டாம் என்றால் நிறுத்துவது கணவனின் கடமை. ஒவ்வொரு முறையும் தசைகள் தாமாகவே இறுகி உறவே இயலாமற் போனால், அதுவும் சிகிச்சையால் குணமாகக்கூடிய நிலைதான். அதைப் பிடிவாதம் என்று ஏசி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைப்பது அநியாயம்.

உறவுக்குப் பின் வரும் சலக்கடுப்பை நம் பெண்கள் உடற்சூடு என்று எண்ணி, இளநீர் குடித்தே நாட்களைக் கடத்துகிறார்கள். பெண்ணின் சலக்குழாய் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளமே கொண்டது. உறவின்போது மலவாயிலை அண்டியுள்ள கிருமிகள் அதனூடாகச் சலப்பைக்குள் எளிதாகச் சென்றுவிடுகின்றன. உறவுக்குப் பின் சலம் கழிப்பதும் போதிய தண்ணீர் குடிப்பதும் உதவும். எரிவு நீடித்தால் வைத்தியரிடம் செல்ல வேண்டும். காய்ச்சலும் நடுக்கமும் விலாப்புற நோவும் சேர்ந்தால் கிருமி சிறுநீரகத்தை எட்டியிருக்கக்கூடும் என்பதால் அன்றே செல்ல வேண்டும்.

ஆண்களின் அச்சங்களை எவரும் கேட்பதில்லை. முதல் நாட்களில் விறைப்பு ஏற்படாமையும் விந்து விரைவில் வெளியேறுவதும் பதற்றத்தால் நேர்பவை. பெரும்பாலும் தாமாகச் சரியாகிவிடும். இதை அறியாத இளைஞர்கள் ஆண்மைக் குறைவுக்கு மருந்து என்ற விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்கிறார்கள். அத்தகைய வரி விளம்பரங்களைத் தமிழ்ப் பத்திரிகைகளே வெளியிடுவதைத் தாங்கள் சிந்திக்க வேண்டும்.

உடனடியாகக் கருத்தரிக்க விரும்பாதவர்கள், பாதுகாப்பின்றி உறவு நேர்ந்துவிட்டால், அவசர கருத்தடைக் குளிசையை 72 மணித்தியாலங்களுக்குள், இயன்றவரை விரைவாக எடுக்க வேண்டும். அது முட்டை வெளியேறுவதைப் பின்தள்ளுகிறதேயன்றி, ஏற்கெனவே உண்டான கருவைக் கலைப்பதில்லை. குடித்து இரண்டு மணித்தியாலத்திற்குள் வாந்தி எடுத்தால் மீண்டும் எடுக்க வேண்டும். மறுநாளே கர்ப்பப் பரிசோதனை செய்வதில் பயனில்லை. உறவு கொண்டு மூன்று கிழமைகள் கழிந்த பின்னரே அதன் முடிவை நம்பலாம். இக்குளிசையைக் கேட்டு வருபவரை ஏற இறங்கப் பார்க்காமல் கொடுப்பதும் பாமசிக்காரரின் பணியே.

திருமணத்திற்கு வெளியே உறவு கொண்டவர்களை நான் இங்கே நியாயம் தீர்க்கப்போவதில்லை. அவர்களுக்கும் உடல் ஒன்றுதான். அறிகுறியே காட்டாத பாலியல் நோய்கள் உண்டு. எச்.ஐ.வி. தொற்று நேர்ந்திருக்கலாம் என்று கருதினால், 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கி 28 நாட்கள் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்து இருக்கிறது. அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், வேறொரு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, இரகசியமும் பேணப்படும். ஆனால் பெயர்ப்பலகையைக் கண்டே திரும்பிவிடுகிறார்கள்.

சிகிச்சை வசதிகள் ஓரளவு இருந்தும், அவை இருப்பதை உரிய வேளையில் தமிழில் சொல்வார் இல்லை. இந்த அந்தரங்கத்தை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவில் வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணாலும் பேச முடியாது. ஆகவே திருமணப் பதிவுக்கு அறிவித்தல் கொடுக்க வருகின்ற ஒவ்வொரு சோடிக்கும், மூதூரானாலும் கிண்ணியாவானாலும் தம்பலகாமமானாலும், தமிழில் எழுதப்பட்ட ஒரு சிறு கையேட்டைப் பதிவாளர் கையளிக்கவும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் கிழமைக்கு ஒரு பிற்பகலேனும் புதுமணத் தம்பதியர் தமிழில் தனிமையாகப் பேசக்கூடிய ஏற்பாட்டைச் செய்யவும் மாகாண சுகாதாரத் திணைக்களம் முன்வர வேண்டும். தங்கள் பத்திரிகையும் தகுதி பெற்ற வைத்தியர் ஒருவர் பெயரின்றி வரும் கேள்விகளுக்கு விடையளிக்கும் பகுதியொன்றை வாரந்தோறும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
உவர்மலை, திருகோணமலை.